துணிக்குள் மின்சாரம்: கடத்தும் நூலா, கடத்தும் துணியா, சாதாரண வயரா?

கரும்புக்காட்டுச் சாலையில் இருட்டிய பிறகு சைக்கிளில் வீடு திரும்புகிறவருக்கு விளக்கு வைத்த ஜாக்கெட். தீபாவளி மேடை நடனத்துக்கு ஒளிரும் பாவாடை. வெயிலில் வேலை பார்ப்பவரின் உடல் சூட்டைக் காட்டும் பனியன். மொரீஷியஸில் தையல் தெரிந்த ஒருவரும் மின்னணு தெரிந்த ஒருவரும் ஒரு வீட்டில் இருந்தால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் கை வைக்கிறார்கள். மூன்றிலும் ஒரே கேள்விதான் வந்து நிற்கிறது: பேட்டரியிலிருந்து விளக்குக்கோ சென்சாருக்கோ மின்சாரத்தைத் துணி வழியாக எதில் கொண்டுபோவது?

வழி மூன்று. தையல் நூல் போலவே இருக்கும் கடத்தும் நூல். வெள்ளியோ செம்போ பூசிய கடத்தும் துணி. எல்லாக் கடையிலும் கிடைக்கும் மெல்லிய செம்பு வயர். இணையத்தில் அழகான படங்களைப் பார்த்தவர்கள் நேராக நூலைத்தான் வரவழைக்கிறார்கள். விளக்கு எரிய வைக்க வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் அது தவறான சரக்கு. சென்சாருக்கு வாங்குகிறவர்களுக்கு அது அருமையான சரக்கு. எது எந்த வேலைக்கு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் காசும் மிச்சம், ஒரு மாதக் காத்திருப்பும் மிச்சம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலும் முக்கியமும், எவ்வளவு மின்னோட்டம் போகப்போகிறது என்பது. ஒரு சாதாரண எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் வரை வேண்டும். நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812 வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டர் ஒரு மில்லி ஆம்பியர்கூடக் கேட்காது. இதயத் துடிப்பு எடுக்கும் மின்முனை கேட்பது அதிலும் சொற்பம். இந்த ஒரு எண்ணை எழுதிவைத்துக்கொண்டாலே பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அடுத்தது துவைப்பு. வருடத்துக்கு இரண்டு முறை மேடை ஏறும் உடையும், தினமும் வியர்வையில் ஊறும் பனியனும் ஒன்றல்ல.

மூன்றாவது, வளைவும் நீட்சியும். முதுகின் நடுப்பகுதி அதிகம் அசையாது. தோள்மூட்டும் முழங்கையும் ஓயாது.

நான்காவது, தோலும் உப்பும். இந்தத் தீவில் ஜனவரி, பிப்ரவரி வெக்கையில் உள்ளே போடும் எதுவும் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். வியர்வை உப்புத் தண்ணீர். அது மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் செய்முறைகளில் இந்த அத்தியாயமே இருப்பதில்லை.

கடைசியாக, கிடைக்கும் இடம். வயர் உள்ளூரிலேயே கிடைக்கும். நூலும் பூச்சுத் துணியும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பார்சல். சரக்கு விலையோடு அனுப்புக் கூலியையும் 15 சதவீத வாட் வரியையும் கணக்கில் வையுங்கள். சிறு சுருள் நூலுக்கு அதன் விலையைவிடக் கூலி கூடுதலாக வருவது சாதாரணம்.

| | கடத்தும் நூல் | கடத்தும் துணி | மெல்லிய வயர் |
|---|---|---|---|
| மின்தடை | மீட்டருக்கு சுமார் 30 முதல் 300 ஓம் | 1 செ.மீ. அகலப் பட்டை, அரை மீட்டருக்குச் சில ஓம் | மீட்டருக்கு 0.2 முதல் 0.6 ஓம் |
| மேலுறை | இல்லை | இல்லை | உண்டு |
| நீட்சி | இல்லை. ஜிக்ஜாக் போட்டால் கொஞ்சம் | பின்னல் வகைக்கு உண்டு | இல்லை. வளைத்து வளைத்துப் போட வேண்டும் |
| சால்டர் (ஈயப் பற்று) | பிடிக்காது | செம்புப் பூச்சில் பிடிக்கும் | நன்றாகப் பிடிக்கும் |
| முதலில் கெடும் இடம் | முடிச்சு, நூல்பிசிறு | மடிப்பு, உரசும் ஓரம் | சால்டர் முடியும் விளிம்பு |
| பொருத்தமான வேலை | சென்சார், தொடு பொத்தான், ஒன்றிரண்டு எல்இடி | தோலில் படும் மின்முனை, அழுத்த சென்சார் | விளக்கு, மின்வழங்கல் |

## கடத்தும் நூல்

இரண்டு சாதி உண்டு. துருப்பிடிக்காத எஃகு இழைகளை முறுக்கிச் செய்வது ஒன்று. நைலான் நூல்மேல் வெள்ளி பூசியது மற்றொன்று. எஃகு நூலில் தடிமனானது மீட்டருக்கு 30 ஓம் சொச்சம், மெல்லியது 50-லிருந்து 100 ஓம் வரை. வெள்ளி நூல் வழவழப்பாக, தைக்க இதமாக இருக்கும். ஆனால் மெல்லிய வகையில் மீட்டருக்கு 270 ஓம்வரை போகும். உறையில் எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு மீட்டர் அவிழ்த்து மல்டிமீட்டரில் அளந்துவிட்டுத் தைக்க உட்காருங்கள்.

இப்போது சைக்கிள் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். பேட்டரி இடுப்பில், விளக்கு தோளில், இடையே 70 செ.மீ. மின்சாரம் போய்வர இரண்டு தடம், ஆக 140 செ.மீ. மீட்டருக்கு 33 ஓம் என்றால் மொத்தம் 46 ஓம். ஒரே ஒரு சிவப்பு எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் போனால் நூலிலேயே 0.9 வோல்ட் தொலையும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும் என்பதால் 3 வோல்ட் பேட்டரியில் அது எரியும். நூலே தடையாகவும் வேலை செய்துவிடும். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்குமேல் வேண்டும், அதனால் அதே பேட்டரியில் மினுக்கென்றுகூட எரியாமல் போகலாம். அதே நூலில் ஐந்து எல்இடி பக்கவாட்டில் கோத்தால் 100 மில்லி ஆம்பியர், தொலைவது 4.6 வோல்ட். 3 வோல்ட் பேட்டரிக்குப் பதில் லித்தியம் செல் வைத்தாலும் கையில் இருப்பது 3.7 வோல்ட்தான். எப்படி எரியும்? "முதல் விளக்கு பளிச், கடைசி விளக்கு மங்கல்" என்ற புகாருக்கு முழுக் காரணமும் இந்தக் கணக்குதான். பேட்டரியை மாற்றுவதில் பலனில்லை.

அதே 46 ஓம் சென்சாரை என்ன செய்யும்? 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் உடல் சூட்டுக்கு அருகே, 35 டிகிரியில், சுமார் 6,500 ஓம் காட்டும். ஒரு டிகிரிக்கு 270 ஓம் மாறும். நூலின் 46 ஓம் தரும் பிழை 0.2 டிகிரிக்கும் குறைவு, அதையும் ஒருமுறை அளந்து கழித்துவிடலாம். தொடு பொத்தானுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை.

தைக்கும்போது கவனிக்க வேண்டியவை. எஃகு நூலை மெஷினின் மேல்நூலாகப் போட்டால் ஊசிக்கண்ணில் உரசி இழை இழையாகப் பிரியும். பாபினில் சுற்றுங்கள், மேலே சாதாரண பாலியஸ்டர் நூல். பாபின் திருகைக் கால் சுற்று தளர்த்தி, 90 அல்லது 100 எண் ஊசி, தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. பாபின் நூல் துணியின் அடிப்பக்கம் விழும் என்பதால், தடம் எந்தப் பக்கம் தெரிய வேண்டுமோ அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துத் தையுங்கள். 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்த பிறகு தொழிற்சாலைகளில் தைத்துத் தேர்ந்த கைகள் இங்கே ஏராளம்; அவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஒன்றே ஒன்று: ஓவர்லாக் மெஷின் பக்கம் இந்த நூலைக் கொண்டுபோக வேண்டாம். நூலை வளைக்கும் லூப்பர் கொக்கியில் பிரிந்து, கத்தியில் துண்டாகி, உலோகத் துகள் மெஷினுக்குள் பரவும். சாதாரண மெஷினிலும் வேலை முடிந்ததும் பாபின் பெட்டியைப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். கணினிப் பலகை உள்ள மெஷின் என்றால் இதை மறக்கவே கூடாது.

எல்இடியின் துளையில் மூன்று முறையாவது இறுக்கிச் சுற்றினால்தான் தொடர்பு நிற்கும். தளர்வாக இருந்தால் நடக்கும்போது விளக்கு கண்சிமிட்டும். முடிச்சை வெட்டிய இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: மயிர்போன்ற எஃகு இழைகள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும். அதில் ஒன்று அடுத்த தடத்தைத் தொட்டால் போதும், ஷார்ட். வெட்டிய உடனே நிறமற்ற நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். தடங்களுக்கு நடுவே 1 செ.மீ. இடைவெளி; வியர்வை படும் இடமானால் 2 செ.மீ. மேலுறை இல்லாத இரண்டு தடங்களை வியர்வை இணைத்தால் மின்சாரம் கசிவதோடு, நேர்முனைப் பக்க உலோகம் அரிக்கவும் தொடங்கும். வெள்ளிப் பூச்சு முதலில் கறுத்து, பிறகு பொடியாக உதிரும்.

துவைப்பில் எஃகு நூல் கெட்டி. வெள்ளி நூல் ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் பூச்சை இழக்கும். எதுவானாலும் ஜாவெல் என்ற வெளுப்புத் திரவம் கூடாது: வெள்ளை பனியன் பளிச்சென்று ஆகும், வெள்ளி நூல் செத்துவிடும், எஃகுக்கும் அது ஆகாது. துணி மென்மையாக்கும் திரவம் நூல்மேல் படலம் படியவிடும் என்பதால் அதையும் தவிர்ப்பது நல்லது.

## கடத்தும் துணி

இதன் மின்தடையைச் 'சதுரத்துக்கு இத்தனை ஓம்' என்று சொல்வார்கள். புரிந்துகொள்வது எளிது. 1 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளம் என்றால் வரிசையாக 50 சதுரம். சதுரத்துக்கு 0.05 ஓம் உள்ள செம்பு–நிக்கல் பூச்சுத் துணியில் மொத்தம் 2.5 ஓம். அகலத்தை இரட்டித்தால் தடை பாதி. காகிதத்தில் கணக்கிட்டுவிட்டுக் கத்தரியை எடுக்கலாம்.

எண்ணைப் பார்த்தால் விளக்குக்கே போதும்போலத் தோன்றும். போதும்தான், துணி மடியாதவரை. பூச்சு மிக மெல்லியது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிந்தால் அங்கே விரிசல் விட்டுத் தடை ஏறும். மேடை உடையை மடித்துப் பெட்டியில் வைக்கும் வழக்கம் இருந்தால், அடுத்த வருடம் மடிப்புக் கோட்டில்தான் மின்சாரம் நிற்கும். உருட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

நிக்கல் பூச்சு தோலில் படக் கூடாது. போலி நகை போட்டால் காது அரிக்கிறது என்பவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்கு மார்பில் அரை நாள் ஒட்டிக்கிடக்கும் நிக்கல் துணி வேதனை. தோலில் படுவதற்கு வெள்ளி பூசிய, நீளும் பின்னல் துணிதான் சரி. விலை கூடுதல்தான், ஆனால் வேண்டியது கையளவே.

இந்த இடத்தில்தான் கடத்தும் துணிக்கு ஈடு கிடையாது. இதயத் துடிப்பு எடுக்க 3-க்கு 4 செ.மீ. துண்டுகள் இரண்டை மார்புக்குக் கீழே வரும் எலாஸ்டிக் பட்டையின் உட்புறம் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிரஸ் பட்டன் வைத்தால் மின்முனை தயார். நூலால் இதைச் செய்ய முயன்றால் தோலில் படும் பரப்பு போதாமல் கிராஃப் முழுக்க இரைச்சலாகவே வரும். பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். போட்டவுடன் துண்டைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வியர்வை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்படிச் செய்வது ஓட்டப் பயிற்சிக்குச் சரி. நெஞ்சுவலிக்காரருக்கு இது மருத்துவக் கருவி ஆகாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

துணியைத் தைப்பதைவிட, சூட்டில் ஒட்டும் பசைவலையைப் பின்னால் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டுவது சுத்தம், ஓரம் பிசிறாது. செம்புப் பூச்சில் சால்டர் செய்யலாம் என்றாலும் அடியில் இருப்பது பாலியஸ்டர். 250 டிகிரிக்கு மேல் உருகும். 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலந்த சால்டர் வாங்கி, ஒரு விநாடியில் தொட்டு எடுத்துவிடுங்கள்.

## சாதாரண வயர்

படத்தில் கவர்ச்சி இல்லாததால் யாரும் சொல்வதில்லை. ஆனால் விளக்கு வேலை என்றால் இதுதான். சிலிக்கான் உறை போட்ட, 28 ஏடபிள்யூஜி (வயர்த் தடிமன் எண்) இழைவயர் மீட்டருக்கு 0.2 ஓம் சொச்சம். முன்பு பார்த்த 140 செ.மீ. தூரத்தில் 0.3 ஓம். நிறம் மாறும் எல்இடி பத்து முழு வெள்ளையில் எரிந்து 600 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது. உறை இருப்பதால் வியர்வைக் கசிவும் இல்லை. சிலிக்கான் 200 டிகிரி தாங்கும், மேலே இஸ்திரி போடலாம்; பிவிசி உறை அதற்கு ஆகாது.

ஜாக்கெட்டைக் காத்ர் போர்ன் சந்தையில் வியாழனோ ஞாயிறோ பார்த்து வாங்குகிறவர்கள் லைனிங் உள்ளதாக எடுங்கள். லைனிங்கின் கீழ் ஓரத்தைப் பிரித்தால் வயர் முழுவதும் உள்ளே ஒளிந்துவிடும். லைனிங் இல்லாவிட்டால் பக்கத் தையலின் உட்புறம் பயாஸ் டேப் வைத்து 1 செ.மீ. சுரங்கம் தைத்து அதற்குள் விடலாம்.

வயரை நேராக இழுத்துத் தைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கை தூக்கும்போது துணி நீளும், வயர் நீளாது. இழுவை முழுவதும் சால்டர்மேல் விழும். தோளில் 15 முதல் 20 சதவீதம் நீளம் கூடுதலாக விட்டு, பாம்பு வளைவாகப் போட்டு, மேலே அகல ஜிக்ஜாக் தையலால் ஊசி வயரைக் குத்தாமல் பிடித்துவிடுங்கள்.

வயர் அறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். சால்டர் உருகும்போது அது இழைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஊறிப்போகும்; அந்தப் பகுதி கம்பிபோல் விறைக்கும். அது முடிந்து இழை மறுபடி மென்மையாகும் விளிம்பில் வளைவு குவிந்து, ஒவ்வோர் இழையாக அறும். உறை வெளியில் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். பிடித்து அசைத்தால் விளக்கு எரியும், விட்டால் அணையும். இதைத் தடுக்கச் சால்டருக்கு மேல் 2 செ.மீ. நீளத்துக்குச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு, குழாய்க்கு இரு பக்கமும் ஒரு செ.மீ. தள்ளி வயரைத் துணியோடு கட்டித் தையுங்கள். வளைவு அந்தக் கட்டுக்கு அப்பால் நடக்கும், இணைப்பில் நடக்காது.

குறை என்ன? தோலுக்கு அருகே மெல்லிய பனியனில் வயர் உறுத்தும், வெளியே தெரியும். தொட்டால் உணரும் பரப்பு, அழுத்தினால் மாறும் பரப்பு எதையும் வயரால் செய்ய முடியாது. 0.2 மி.மீ. எனாமல் வயர், அதாவது மோட்டார் சுற்றும் வயர், கண்ணுக்கே தெரியாது, மீட்டருக்கு 0.55 ஓம்தான். ஆனால் ஒற்றைக் கம்பி என்பதால் வளைவில் சீக்கிரம் முறியும். பாவாடைக் கரை, தொப்பி போன்ற இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஆயத்தமாக வாங்கினால்

நெஞ்சுப்பட்டை வகைகள் நன்றாகவே வேலை செய்கின்றன. துடிப்பு மட்டும் போதும் என்றால் வீட்டில் செய்வதைவிட வாங்குவதே மலிவு. ஈரப் பட்டையிலேயே கருவியை மாட்டி வைத்தால் அது ஓடிக்கொண்டே பேட்டரியைத் தின்னும்; கழற்றி வையுங்கள். விலையுயர்ந்த 'ஸ்மார்ட்' உடைகள் பற்றி மட்டும் எச்சரிக்கை. கூகுளும் லீவைஸும் 2017-ல் 350 டாலருக்கு விற்ற ஜாக்கார்ட் ஜாக்கெட்டில் கடத்தும் இழை இருந்தது ஒரு கைமணிக்கட்டுப் பகுதியில் மட்டும். துணி இன்னும் நன்றாக இருக்கும். 2023-ல் அதன் செயலி நிறுத்தப்பட்டுவிட்டது.

## மூன்றுக்கும் பொதுவான மறைசெலவு: பேட்டரி

நூல், துணி என்று யோசித்து முடித்தபின் இங்கேதான் பலர் இடறுகிறார்கள். சிஆர்2032 பட்டன் பேட்டரியில் இருப்பது 220 மில்லி ஆம்பியர்-மணி; ஒரு சிவப்பு எல்இடிக்கு ஒரு மாலை, அவ்வளவே. லித்தியம் செல்லைத் தனியாகப் பார்சலில் வரவழைப்பதும் தலைவலி: 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் அவற்றைச் சரக்காக ஏற்றத் தடை உள்ளது. உள்ளூரில் கிடைப்பதை வைத்தே உடையைத் திட்டமிடுங்கள்.

விளக்குக்குச் சிறிய பவர் பேங்க் எளிது. சென்சாருக்கு அது ஒத்துவராது. குறைந்த மின்னோட்டம் இழுத்தால் போன் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். சென்சார் உடைக்கு 500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் செல் போதும். அதை சார்ஜ் செய்ய மலிவான டிபி4056 பலகை வாங்கினால், அது 1 ஆம்பியருக்கு வைக்கப்பட்டு வரும். சிறிய செல்லுக்கு அது அதிகம். பலகையில் உள்ள 1.2 கிலோ ஓம் தடையை எடுத்துவிட்டு 4 கிலோ ஓம் வைத்தால் 300 மில்லி ஆம்பியருக்கு இறங்கும். செல் எந்த உடையிலும் பிரஸ் பட்டனால் கழற்றும் பையில்தான் இருக்க வேண்டும், துவைக்கும்போதும் தூங்கும்போதும் வெளியே. தீமிதிக் குழியருகே நிற்பவர் இப்படிப்பட்ட உடையைப் போடவே வேண்டாம்: பாலியஸ்டரும் லித்தியமும் நெருப்புக்கு ஆகாத ஜோடி.

## கலந்து செய்வது

ஒரே பொருளால் முழு உடையையும் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சுந்தரேசன் ஜெயராமன் குழுவினர் 1990-களின் பிற்பாதியில் உருவாக்கிய சென்சார் சட்டையிலேயே, குண்டு துளைத்த இடத்தை அறிய ஒளியிழையும் உடல் தகவலைக் கொண்டுபோகக் கடத்தும் இழையும் சேர்த்தே இருந்தன.

வெப்பப் பனியனுக்கு அதே முறையைப் பின்பற்றலாம். அக்குளுக்குச் சற்றுக் கீழே, பக்கத் தையலில், தெர்மிஸ்டர். அதன் கால்கள் சுருள்வளையமாக வளைக்கப்பட்டு எஃகு நூலால் மும்முறை சுற்றித் தைக்கப்படும். அங்கிருந்து இடுப்புவரை இரண்டு நூல் தடம், நடுவே 2 செ.மீ., தோல் பக்கம் மெல்லிய பருத்தித் துண்டு ஒட்டி மூடியது. இடுப்பில் பித்தளைப் பிரஸ் பட்டன் இரண்டு. இதற்கு மேல் பனியனில் மின்னணு எதுவும் இல்லை. அளவெடுக்கும் மின்சுற்றுப் பலகை, செல், அவற்றை இணைக்கும் சிலிக்கான் வயர் எல்லாம் பெல்ட்டில் கழற்றும் பையில். நேரடி ஷார்ட் ஆனாலும் ஆபத்து இல்லாதபடி பையிலிருந்து பனியனுக்குப் போகும் தடத்தில் 10 கிலோ ஓம் தடையைப் பலகைப் பக்கமே வையுங்கள். பலகை 3.3 வோல்ட் தருவதானால், அப்போது நூலில் 0.33 மில்லி ஆம்பியருக்கு மேல் எந்த நிலையிலும் போகாது.

கூர்பிப் பக்கத்து மழையிலும் கடலோர உப்புக்காற்றிலும் பிரஸ் பட்டன்தான் முதலில் பச்சை பூக்கும். மாதத்துக்கு ஒருமுறை பட்டன் முதல் பட்டன் வரை மல்டிமீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். நிழலில் 30 டிகிரி அடிக்கும் அறையில் சுமார் 8,000 ஓம் வர வேண்டும். பல நூறு ஓம் கூடியிருந்தால் முதலில் பட்டனைப் பழைய டூத் பிரஷ்ஷும் வினிகரும் வைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி அளக்கவும். அப்போதும் இறங்காவிட்டால் தெர்மிஸ்டர் காலில் சுற்றிய நூலைப் பாருங்கள், தளர்ந்திருக்கும்.